அரசு முடக்கம் இந்தியாவில் நேருமா? ஊதியம் தடைபட்டால் அரசு ஊழியர் செய்ய வேண்டியவை என்ன? கேரள அனுபவம் தரும் பாடம்

வித்துரா (திருவனந்தபுரம்): 2024 மார்ச் மாதத் தொடக்கத்தில் கேரள அரசு ஊழியர்களில் பலர் தங்கள் கருவூலக் கணக்கில் ஊதியம் வரவு வைக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். ஆனால் அதை எடுக்கவோ வங்கிக் கணக்குக்கு மாற்றவோ அவர்களால் இயலவில்லை. மாதத்தின் முதல் நாள்களில் தவறாமல் வந்துசேர்ந்த ஊதியம் அம்முறை சில நாள்கள் தாமதமானது. கருவூலக் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு ரூ.50,000 மட்டுமே எடுக்கலாம் என்ற கட்டுப்பாட்டை மார்ச் 4-ஆம் தேதி மாநில நிதியமைச்சர் கே.என்.பாலகோபால் அறிவித்தார்.

அமெரிக்காவில் நிதி ஒதுக்கீடு காலாவதியாகி அரசு அலுவலகங்கள் மூடப்படும்போதெல்லாம், இந்தியாவிலும் இப்படி நேருமா என்ற கேள்வி எழுவது வழக்கம். சட்டப்படி நேராது என்பதே அதற்கான சுருக்கமான பதில். ஆயினும் அலுவலகம் திறந்திருக்கும்போதே ஊதியம் தடைபடும் நிலை இந்திய மாநிலங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நேர்ந்துள்ளது. அதற்கு முன்னறிவிப்புக் கடிதமோ, நிலுவையை எந்த நாளுக்குள் தருவது என்பதற்கான தனிச் சட்டமோ இல்லை. எனவே இங்குள்ள ஊழியரின் முன்னேற்பாடு அமெரிக்க ஊழியரின் முன்னேற்பாட்டிலிருந்து வேறுபட்டதாகவே இருக்க வேண்டியுள்ளது.

அமெரிக்காவில் நடப்பது என்ன?

அமெரிக்காவின் நிதியாண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. அதற்குள் நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களையோ தற்காலிக மசோதாவையோ நாடாளுமன்றம் நிறைவேற்றாவிட்டால், அரசுத் துறைகளுக்குச் செலவழிக்கும் அதிகாரம் இல்லாமல் போகும். ஒதுக்கப்படாத பணத்தைச் செலவழிப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கு 1884 முதல் இருந்துவருகிறது. எனினும் ஒதுக்கீடு இல்லையேல் பணிகளை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கண்டிப்பான விளக்கத்தை 1980-இல் அப்போதைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அளித்த பின்னரே இன்று காணும் முடக்கங்கள் வழக்கத்துக்கு வந்தன.

2018 டிசம்பர் 22-இல் தொடங்கிய முடக்கம் 35 நாள்கள் நீடித்தது. 2025 அக்டோபர் 1-இல் தொடங்கியது நவம்பர் 12 வரை 43 நாள்கள் நீடித்து, அதுவரை காணாத நீண்ட முடக்கமாக அமைந்தது.

அங்கு முன்னேற்பாடு அரசிடமிருந்தே தொடங்குகிறது. ஒவ்வொரு துறையும் முடக்கத்துக்கான செயல்திட்டத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். உயிரையும் உடைமையையும் காக்கும் பணியில் இருப்போர் ஊதியமின்றிப் பணியைத் தொடர்வர். மற்றவர்கள் கட்டாய விடுப்பில் அனுப்பப்படுவர். அவர்கள் விருப்பத்தின்பேரில்கூடப் பணி செய்ய அனுமதியில்லை. முடக்கம் முடிந்ததும் இரு பிரிவினருக்கும் நிலுவை ஊதியம் வழங்க 2019-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்த நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கு அந்த உறுதி கிடையாது.

இந்தியாவில் சட்டம் சொல்வது என்ன?

சட்டத்தின் வழி நிதி ஒதுக்கப்படாமல் மத்திய அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது என்று அரசமைப்பின் 114-ஆவது பிரிவு கூறுகிறது. மாநிலங்களுக்கு இதே விதியை 204-ஆவது பிரிவு வகுக்கிறது. இதுவரை பார்த்தால் அமெரிக்க விதிக்கும் இந்திய விதிக்கும் பெரிய வேறுபாடில்லை.

வேறுபாடு ஆட்சிமுறையில் உள்ளது. இந்தியாவில் அவையின் பெரும்பான்மை ஆதரவு உள்ள வரையில்தான் அமைச்சரவை பதவியில் நீடிக்க முடியும். நிதி மசோதாவோ ஒதுக்கீட்டு மசோதாவோ தோற்றால் அரசு பதவி விலக வேண்டும் என்பது மரபு. எனவே ஆளும் தரப்பும் அவையும் எதிரெதிரே நின்று வாரக்கணக்கில் இழுபறி நடத்த இடமில்லை. மேலும், முழு வரவு செலவுத் திட்டம் நிறைவேறும் முன் சில மாதச் செலவுக்கு இடைக்கால அனுமதி பெறும் வழியை மத்திய அரசுக்கு 116-ஆவது பிரிவும், மாநிலங்களுக்கு 206-ஆவது பிரிவும் தருகின்றன. தேர்தல் ஆண்டுகளில் தாக்கலாகும் இடைக்கால வரவு செலவுத் திட்டங்களை ஒட்டி இந்த அனுமதியே பெறப்படுகிறது.

அமெரிக்க நிலைமைக்கு மிக அருகில் வந்த இந்திய நிகழ்வு 2016-இல் உத்தராகண்டில் நடந்தது. அம்மாநிலப் பேரவையில் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறியதா இல்லையா என்பதே சர்ச்சையானது. மார்ச் 27-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி அமலானது. ஏப்ரல் 1 முதல் செலவழிக்க அதிகாரம் வேண்டும் என்பதால், மார்ச் இறுதியில் அதற்கென அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அலுவலகங்கள் மூடப்படவில்லை. கதவை அடைக்காமலேயே இடைவெளியை நிரப்ப இந்திய அரசமைப்பில் வழிகள் உண்டு என்பதை அந்நிகழ்வு காட்டியது.

அப்படியானால் ஊதியம் ஏன் தடைபடுகிறது?

செலவழிக்கும் அதிகாரம் ஒன்று. செலவழிக்கக் கையில் பணம் இருப்பது வேறொன்று. இந்திய மாநிலங்களில் முதலாவது பெரும்பாலும் தவறுவதில்லை. தவறுவது இரண்டாவதே.

மாநில அரசுகளின் வங்கியாளராக ரிசர்வ் வங்கி செயல்படுகிறது. வரி வருவாய் வரும் நாளும் ஊதியம், ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றைத் தர வேண்டிய நாளும் ஒன்றாக அமைவதில்லை. இடையில் ஏற்படும் பற்றாக்குறையைச் சமாளிக்க ரிசர்வ் வங்கி குறுகிய கால முன்பணம் வழங்குகிறது. வழிவகை முன்பணம் எனப்படும் இதற்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் உச்சவரம்பு உண்டு. எல்லா மாநிலங்களுக்குமான மொத்த வரம்பு 2024 ஜூலை 1 முதல் ரூ.60,118 கோடியாக உயர்த்தப்பட்டது.

அந்த வரம்பையும் தாண்டினால் மாநிலம் மிகைப்பற்று நிலைக்குச் செல்லும். வழக்கமான விதிப்படி ஒரு மாநிலம் தொடர்ந்து 14 பணி நாள்களுக்கு மேல் மிகைப்பற்றில் இருக்கக் கூடாது. மீறினால் அம்மாநிலத்தின் சார்பில் பணம் வழங்குவதை ரிசர்வ் வங்கி நிறுத்திவிடும். கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் இந்த 14 நாள்கள் தற்காலிகமாக 21 நாள்களாக நீட்டிக்கப்பட்டன. இந்த நிலை வராமலிருக்கவே மாநில அரசுகள் கருவூலத்தில் முன்கூட்டியே கட்டுப்பாடுகளை விதிக்கின்றன.

அடுத்தது கடன் வரம்பு. மத்திய அரசுக்குக் கடன்பட்டுள்ள மாநிலம், புதிய கடன் வாங்க மத்திய அரசின் இசைவைப் பெற வேண்டும் என்று அரசமைப்பின் 293-ஆவது பிரிவு கூறுகிறது. கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம் போன்ற அமைப்புகள் வாங்கிய கடனை மாநிலத்தின் கடனாகவே மத்திய அரசு கணக்கிட்டது. இதனால் கடன் வரம்பு சுருங்கியதாகக் கூறி கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. வழக்கு நிலுவையில் இருந்தபோதுதான் மார்ச் மாத ஊதியத் தாமதம் ஏற்பட்டது.

மத்திய அரசு உரிய தொகையை வழங்காததே நெருக்கடிக்குக் காரணம் என்று மாநில அரசு கூறியது. மாநிலத்தின் நிதி நிர்வாகமே காரணம் என்பது மத்திய அரசின் வாதம். அம்மாதத்திலேயே ரூ.13,608 கோடி கடன் பெற மத்திய அரசு இசைந்தது. ஏப்ரல் 1-ஆம் தேதி நீதிபதிகள் சூர்ய காந்த், கே.வி.விஸ்வநாதன் அமர்வு, கேரளம் கோரிய இடைக்கால நிவாரணத்தை மறுத்து, வழக்கை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு மாற்றியது.

பிற மாநிலங்களின் அனுபவம்

ஊதியம் உரிய நாளில் வராத நிலை கேரளத்துக்கு மட்டும் உரியதன்று. இமாச்சலப் பிரதேசத்தில் 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி ஊதியம் வழங்கப்படவில்லை. ஊதியம் 5-ஆம் தேதியும் ஓய்வூதியம் 10-ஆம் தேதியும் வழங்கப்படும் என்று முதல்வர் சுக்விந்தர் சிங் சுக்கு பேரவையில் அறிவித்தார். வருவாய் வரும் நாளுக்கு ஏற்பச் செலவைத் தள்ளிவைத்தால் கடனுக்கான வட்டி மிச்சமாகும் என்பது அவர் கூறிய காரணம்.

2020-இல் கொரோனா பொதுமுடக்கத்தின்போது தெலங்கானா, ஆந்திரம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்கள் மார்ச் மாத ஊதியத்தின் ஒரு பகுதியை ஒத்திவைத்தன. கேரளம் வேறு வழியைக் கையாண்டது. மாதத்துக்கு ஆறு நாள் ஊதியம் வீதம் ஐந்து மாதங்களுக்குப் பிடித்துவைக்க 2020 ஏப்ரலில் உத்தரவிட்டது. மொத்தத்தில் இது ஒரு மாத ஊதியமாகும். மாதம் ரூ.20,000-க்குக் குறைவாகப் பெறுவோருக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

அந்த உத்தரவைக் கேரள உயர் நீதிமன்றம் ஏப்ரல் 28-ஆம் தேதி நிறுத்திவைத்தது. ஊதியம் என்பது அரசமைப்பின் 300ஏ பிரிவு பாதுகாக்கும் சொத்துரிமைக்குள் அடங்கும். சட்டத்தின் ஆதாரமில்லாத நிர்வாக உத்தரவால் அதைப் பிடித்துவைக்க இயலாது என்பது அதன் சாரம். அடுத்த சில நாள்களில், பேரிடர் காலத்தில் ஊதியத்தின் 25 சதவீதம் வரை ஒத்திவைக்க வகைசெய்யும் அவசரச் சட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது.

ஆந்திரத்தில் ஒத்திவைக்கப்பட்ட ஊதிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஊதியமும் ஓய்வூதியமும் ஊழியரின் உரிமை என்பதை 2021 பிப்ரவரியில் உறுதிசெய்த நீதிமன்றம், தாமதமான தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி வழங்க உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் நிர்ணயித்த 12 சதவீதமே இவ்வாறு குறைக்கப்பட்டது. தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை இத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஆயினும் அது வழக்காடிப் பெற்ற தீர்ப்பு. எல்லாத் தாமதங்களுக்கும் தானாகப் பொருந்தும் விதியன்று.

நாட்டில் நிதி நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டால் அரசு ஊழியரின் ஊதியத்தைக் குறைக்கவே அரசமைப்பின் 360-ஆவது பிரிவு இடமளிக்கிறது. அப்பிரிவு இதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை.

ஒரே ஊர், வெவ்வேறு ஊதிய வழிகள்

'அரசு ஊழியர்' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வகையான ஊதிய வழிகள் அடங்கியுள்ளன என்பதற்கு வித்துரா நல்ல எடுத்துக்காட்டு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் மலைப்பாதையில், நெடுமங்காடு வட்டத்தில் அமைந்த ஊர் இது. வட்ட மருத்துவமனை, அரசுப் பள்ளிகள், காவல் நிலையம், கிராம ஊராட்சி அலுவலகம், வனத்துறைப் பணியிடங்கள், அரசுப் பேருந்துப் பணிமனை, மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனம் ஆகிய அனைத்தும் இப்பகுதியில் உள்ளன.

மருத்துவமனை, பள்ளி, காவல், வனம் ஆகிய மாநிலத் துறைகளின் ஊதியப் பட்டியல்கள் 'ஸ்பார்க்' என்ற கணினி முறை வழியாகத் தயாராகிக் கருவூலத்துக்குச் செல்கின்றன. ஊதியம் முதலில் ஊழியரின் கருவூலச் சேமிப்புக் கணக்கில் வரவாகிறது. அங்கிருந்து பலர் தங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்கின்றனர். 2024-இல் தடைபட்டது இந்த இரண்டாவது படியே.

வித்துராவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் மத்திய கல்வி அமைச்சகத்தின் மானியத்தில் இயங்குகிறது. அதன் ஊழியர்களை மாநிலக் கருவூலக் கட்டுப்பாடு தொடாது.

கே.எஸ்.ஆர்.டி.சி. எனப்படும் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் நிலை வேறு. கழகத்தின் வருவாயையும் மாநில அரசின் உதவியையும் நம்பியே அங்கு ஊதியம் வழங்கப்படுகிறது. 2023 பிப்ரவரியில் ஊதியத்தை இரு தவணைகளாக வழங்கும் முறை கொண்டுவரப்பட்டது. முதல் தவணை மாதத் தொடக்கத்திலும், எஞ்சியது அரசு உதவி வந்த பின்னரும் வழங்கப்பட்டது. மாதத்தின் முதல் நாளிலேயே முழு ஊதியம் வழங்கும் திட்டத்தை 2025 மார்ச்சில் போக்குவரத்து அமைச்சர் கே.பி.கணேஷ் குமார் அறிவித்தார். வங்கி மிகைப்பற்றின் துணையுடன் அது செயல்படுத்தப்பட்டது. மற்ற அரசு ஊழியருக்கு 2024-இல் புதிதாக நேர்ந்த தாமதம், நடத்துநருக்கும் ஓட்டுநருக்கும் அதற்கு முன்பே பழகிப்போனதாக இருந்தது.

முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள்

இந்திய மாநிலங்களில் ஊதியமே பொதுவாகக் கடைசியாகத் தடைபடும் செலவு. அதற்கு முன் வேறு செலவுகள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். அந்த வரிசையைக் கவனிப்பவருக்கு நெருக்கடி திடீரென வருவதில்லை.

முதலில், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பட்டியல்களுக்கு நிதித்துறையின் முன் அனுமதி தேவை என்ற கட்டுப்பாடு கருவூலத்தில் வரும். ஊதியமும் ஓய்வூதியமும் வழக்கமாக இதிலிருந்து விலக்குப் பெறும். ஒப்பந்ததாரர்களின் பட்டியல்களும் உள்ளாட்சித் திட்டச் செலவுகளும் நிற்கும்.

அடுத்ததாக, ஊதியத்தைச் சார்ந்த கூடுதல் பயன்கள் தள்ளிப்போகும். அகவிலைப்படி நிலுவையாகும். ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பெறும் தொகை நிறுத்தப்படும் அல்லது ரொக்கமாக வராமல் வருங்கால வைப்பு நிதியில் சேர்க்கப்படும். கேரளத்தில் 2020-க்குப் பின் இவை இரண்டும் நடந்தன.

மூன்றாவதாக, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், மதிப்பூதியம் ஆகியவை மாதக்கணக்கில் நிலுவையாகும். மாநிலம் அடிக்கடி மிகைப்பற்று நிலைக்குச் செல்வதாகச் செய்திகள் வரும். நிதியாண்டின் கடைசி மாதங்களில் கடன் வரம்பு தீர்ந்துபோகும். கேரளத்தில் பிப்ரவரி மாதத்துக்கான ஊதியம் மார்ச் தொடக்கத்தில் வழங்கப்படுவதால், ஆண்டின் மிக இறுக்கமான நாள்களில் அது வந்து விழுகிறது.

குடும்பக் கணக்கில் செய்ய வேண்டியவை

கையிருப்பு: ஒரு மாதம் ஊதியம் வராவிட்டாலும் உணவு, மருந்து, கல்வி, வாடகை, கடன் தவணை ஆகியவற்றை நடத்தும் அளவுக்குத் தொகை ஒதுக்கி வைப்பது அடிப்படை. மூன்று மாதச் செலவுக்கான இருப்பு இன்னும் பாதுகாப்பானது. அந்தத் தொகை எங்கே உள்ளது என்பது அதன் அளவைப் போலவே முக்கியம். கேரளக் கருவூலம் சேமிப்பு வங்கியாகவும் இயங்குவதால் பலர் சேமிப்பை அங்கேயே விட்டுவைக்கின்றனர். கருவூலத்தில் கட்டுப்பாடு வரும் நாளில் ஊதியமும் சேமிப்பும் ஒரே கதவுக்குப் பின்னால் அகப்பட்டுக்கொள்ளும். அவசரத் தேவைக்கான பணத்தை வேறொரு வங்கியில் வைத்திருப்பது இந்த இடரைத் தவிர்க்கும்.

தவணைத் தேதி: வீட்டுக் கடன், வாகனக் கடன் தவணைகள் பெரும்பாலும் ஊதியம் வரும் நாளை ஒட்டியே அமைக்கப்படுகின்றன. ஊதியம் மூன்று நாள் தாமதமானாலும் தானியங்கிப் பிடித்தம் பணமின்றித் திரும்பும். வங்கி அதற்குக் கட்டணம் வசூலிக்கும். தவணைத் தேதியை மாதத்தின் 10-ஆம் தேதிக்கோ அதற்குப் பின்னரோ மாற்றித் தருமாறு வங்கியிடம் எழுத்து மூலம் கோரலாம். நெருக்கடி வந்த பின் கேட்பதைவிட முன்னரே கேட்பது எளிது.

கடன் மதிப்பீடு: தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால்தான் அது வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். எனினும் சில நாள் தாமதமும் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் இடம்பெறக்கூடும். ஊதியத் தாமதம் குறித்த அரசு அறிவிப்பின் நகலை இணைத்து வங்கிக்கு உடனே தெரிவித்து வைப்பது பின்னாளில் விளக்கம் தர உதவும்.

ஜாமீன் பொறுப்பு: கேரளத்தில் கே.எஸ்.எஃப்.இ. சிட்டி, கூட்டுறவுச் சங்கக் கடன் ஆகியவற்றுக்கு அரசு ஊழியரின் ஊதியச் சான்றிதழ் முக்கியப் பிணையாகும். ஒருவர் பலருக்கு ஜாமீன் நிற்பதும் வழக்கம். ஊதியம் தடைபடும்போது கடன் வாங்கியவரும் ஜாமீன் நின்றவரும் ஒரே நேரத்தில் சிக்கலுக்கு உள்ளாவர். யாருக்கு, எவ்வளவு தொகைக்கு, எந்த நாள் வரை ஜாமீன் நின்றிருக்கிறோம் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

வருங்கால வைப்பு நிதி: பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர்கள் பொது வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெறலாம். ஆனால் அந்தத் தொகையும் கருவூலம் வழியாகவே வர வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. 2013 ஏப்ரல் 1-க்குப் பின் கேரள அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளனர். அதில் பணிக்காலத்தில் எடுக்கக்கூடியது சொந்தப் பங்களிப்பில் 25 சதவீதம் வரை மட்டுமே. பிள்ளைகளின் கல்வி, திருமணம், வீடு, கடும் நோய் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கே அதற்கு அனுமதி உண்டு. ஊதியத் தாமதம் அக்காரணங்களுள் ஒன்றன்று. ஆகவே கையிருப்பின் தேவை இளம் ஊழியர்களுக்கே அதிகம்.

நகைக்கடன்: அவசரத்துக்கு வட்டி குறைந்த வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கடன் அட்டையில் ரொக்கம் எடுப்பது பெரும்பாலும் நகைக்கடனைவிட அதிகச் செலவு வைக்கும். சில நாள் தாமதத்துக்காக நீண்ட காலக் கடன் வாங்குவதையும் தவிர்க்கலாம்.

ஆவணங்கள்: ஊதியச் சீட்டு, கருவூலக் கணக்கு விவரம், விடுப்புக் கணக்கு, அகவிலைப்படி நிலுவைக் கணக்கு, வைப்பு நிதிச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஆண்டுதோறும் எடுத்து வைப்பது அவசியம். ஒத்திவைக்கப்பட்ட தொகையை வட்டியுடன் கோரும் நிலை வந்தால் இவையே சான்று. அரசு ஊழியர்களுக்கான 'மெடிசெப்' மருத்துவக் காப்பீடு 2022 ஜூலையில் தொடங்கியது. அதன் பிரீமியம் ஊதியத்திலிருந்தே பிடிக்கப்படுவதால், பிடித்தம் முறையாகப் பதிவாகியுள்ளதா என்பதையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பணிக்கு வராமல் இருக்கலாமா?

கூடாது. அமெரிக்க முடக்கத்தில் ஊழியரை வீட்டுக்கு அனுப்புவது அரசு. இந்தியாவில் ஊதியம் தாமதமானாலும் பணி தொடர்கிறது. ஊதியம் வரவில்லை என்ற காரணத்தால் பணிக்கு வராதவரின் நாள்கள் பணி செய்யாத நாள்களாகக் கணக்கிடப்பட்டு, அவற்றுக்கு ஊதியம் மறுக்கப்படக்கூடும்.

வேலைநிறுத்தத்தின் விளைவுகளும் கவனத்துக்குரியவை. 2002 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஏ.கே.அந்தோணி அரசின் சிக்கன நடவடிக்கைகளை எதிர்த்துக் கேரள அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் 32 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 1.70 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பெரும்பாலோர் பின்னர் பணிக்குத் திரும்பினர். ஆனால் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று 2003 ஆகஸ்ட் 6-இல் அதே விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணியில் இருந்தபடியே சங்கங்கள் வழியாகக் கோரிக்கை வைப்பது, வழக்குத் தொடர்வது, பணி நேரத்துக்கு வெளியே கவன ஈர்ப்புப் போராட்டம் நடத்துவது ஆகியவையே பாதுகாப்பான வழிகளாக உள்ளன.

இலங்கை காட்டிய மற்றொரு வடிவம்

அரசின் கையில் பணமே தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு 2022-ஆம் ஆண்டு இலங்கை எடுத்துக்காட்டு. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அந்நாடு ஏப்ரலில் நிறுத்திவைத்தது. ஜூன் மாதத்தில், அரசு ஊழியர்கள் வீட்டுத் தோட்டத்தில் பயிர் செய்யும் வகையில் மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை இசைந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டால் ஜூன் 20 முதல் இரு வாரங்களுக்கு அத்தியாவசியப் பணியாளர்கள் தவிர மற்றவர்கள் அலுவலகம் வர வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டில் வேலை தேடிச் செல்ல விரும்புவோருக்குப் பணிமூப்பு பாதிக்கப்படாமல் ஐந்து ஆண்டுகள் வரை ஊதியமில்லா விடுப்பு அளிக்கவும் முடிவானது. 2023 ஜனவரியில், உயர்நிலை அதிகாரிகளின் ஊதியம் சில நாள்கள் தாமதமாகவும் மற்ற ஊழியர்களின் ஊதியம் உரிய நாளிலும் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

பட்டியலில் இடம்பெறாதவர்கள்

கேரளத்தில் ஏறத்தாழ 5 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் உள்ளனர். அவர்களின் ஊதியம் சில நாள் தாமதமானதும் அது மாநில அளவில் செய்தியானது. ஊதியத்தைக் கோரித் தலைமைச் செயலகத்தின் முன் உண்ணாவிரதம் தொடங்கியது. சில நாள்களில் பணமும் வந்தது.

நிரந்தரப் பணியிடம் இல்லாதோருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆஷா பணியாளர்கள் மதிப்பூதியம் பெறும் தன்னார்வலர்களாகவே கருதப்படுகின்றனர். நிலுவைத் தொகையையும் உயர்த்தப்பட்ட மதிப்பூதியத்தையும் கோரி அவர்கள் 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் போராட்டத்தைத் தொடங்கினர். அப்போது அவர்களின் மாத மதிப்பூதியம் ரூ.7,000. ரூ.1,000 உயர்வு அக்டோபர் இறுதியில்தான் அறிவிக்கப்பட்டது. வித்துராவை அடுத்த போணக்காட்டில் தேயிலைத் தோட்டம் நலிவடைந்தபோது, ஊதியம் நிலுவையில் நின்ற தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அவதியுற்றன. அவர்களின் ஊதியத்துக்குக் கருவூலமும் பொறுப்பன்று.

நிரந்தர ஊழியரின் ஊதியம் தாமதமாகலாம்; ஆனால் அது சட்டம் காக்கும் உரிமை என்பதை நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் கூறியுள்ளன. ஒப்பந்தம், தினக்கூலி, மதிப்பூதியம் ஆகிய அடிப்படைகளில் அதே மருத்துவமனையிலும் பள்ளியிலும் பணிபுரிவோர், கருவூலம் இறுகும்போது முதலில் பாதிக்கப்படுகின்றனர். மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு வைக்கும்படி சொல்லக்கூடிய அளவுக்கு அவர்களின் வருவாய் இல்லை. ஆகவே நிலுவை சேருவதற்கு முன்பே, மாதந்தோறும் பெற வேண்டிய தொகையை எழுத்துப்பூர்வமாகக் கணக்கிட்டு வைப்பதும், தாமதம் தொடங்கிய முதல் மாதத்திலேயே சங்கம் அல்லது தொழிலாளர் துறை வழியாக அதைப் பதிவு செய்வதும் அவர்களுக்கு எஞ்சியுள்ள முன்னேற்பாடாகும்.